ஒரே டியூப், நாலு வீடு

தோல் அழற்சிக்குப் பூசும் கிரீம்: யாருக்கு, எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்?



ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை யாரும் லேசில் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் கிரீம் டியூப் மட்டும் நம் லயத்தில் சீனி, காப்பித்தூளைப் போலக் கை மாறிக்கொண்டே இருக்கும். "தோலுக்குத்தானே பூசுறோம், வயித்துக்குள்ளயா போவுது?" என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பால் எங்கள் தோட்டத்தில் நாலு வீட்டுக்கு வந்த தொல்லையை இந்த மாதம் எழுதுகிறேன். இதில் என் தப்பும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பால் ஸ்டோரில் வேலை செய்யும் ஓர் அண்ணனுக்கு இரண்டு கையிலும் கரப்பான். பால் கெடாமல் இருக்க அமோனியா, உறைய வைக்க பார்மிக் ஆசிட், இவற்றுக்கு நடுவில்தான் அவருக்கு நாள் முழுக்க வேலை. கையுறை கிழிந்தாலும் அதையே போட்டுக்கொண்டு வேலை செய்வார். உள்ளங்கை தடித்து, வெடித்து, விரல் இடுக்கில் நீர் கசிய ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துக்கு வரும் டாக்டர் பார்த்துவிட்டு பீட்டாமெத்தசோன் கிரீம் எழுதினார். 15 கிராம் டியூப் ஒன்று.

அதை அவர் கையில் கொடுத்தவன் நான். அன்று காலை வாசலில் கூட்டம். "காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ பூசுங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எவ்வளவு பூசுவது, எத்தனை நாள் பூசுவது, வேறு யாரும் ஏன் தொடக்கூடாது, இவற்றில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

மூன்றே நாளில் கை தெளிந்தது. "டிரெஸர் நல்ல மருந்து குடுத்தாரு" என்று லயம் முழுக்கப் பேச்சு. அப்புறம் அந்த டியூப் ஊர்வலம் புறப்பட்டது. அண்ணனின் மனைவி தன் முகத்து மங்குக்குப் பூசினார். பக்கத்து வீட்டுப் பையன் தொடை இடுக்கில் பூசினான். எதிர் வீட்டில் எட்டு மாதக் குழந்தையின் பிட்டத்துப் புண்ணுக்குப் போனது. மூன்றாவது வாரம் அண்ணன் மறுபடி வந்தார். கை முன்னைவிட மோசமாக, வெடிப்பில் சீழ் வைத்து, காய்ச்சலோடு வந்தார். "டியூப் எங்கண்ணே?" என்று கேட்டபோதுதான் இந்தக் கதை முழுக்க வெளியே வந்தது.

இது என்ன மருந்து?

நம் ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலைமேலும் தொப்பி வைத்ததுபோல் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அங்கே சுரக்கும் சத்துகளில் ஒரு வகைக்குப் பெயர் ஸ்டீராய்டு. அதைப் போன்ற ஒன்றை 1948-ல் அமெரிக்க டாக்டர்கள் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1952-ல் அதே குடும்பத்து மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசி, கரப்பான் அடங்குவதைக் கண்டார்கள். தோல் வைத்தியமே அதன் பிறகு மாறிப் போனது. ஆகவே இது கெட்ட மருந்து என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அது என்ன வேலை செய்கிறது? வீட்டு வாசலில் நாய் கட்டியிருக்கிறோம். திருடன் வந்தால் அது குரைக்க வேண்டும். தோலில் வரும் சிவப்பு, வீக்கம், அரிப்பு, எரிச்சல் எல்லாம் உடம்பு குரைப்பதுதான். கரப்பானில் நடப்பது என்னவென்றால், திருடன் இல்லாமலே நாய் விடிய விடியக் குரைக்கிறது. யாருக்கும் தூக்கமில்லை. அந்தக் குரைப்பை அடக்குவது ஸ்டீராய்டு கிரீம். அடக்கினால் தோல் ஆறுகிறது.

ஆனால் உண்மையிலேயே திருடன் வந்து நாய் குரைக்கும்போது அதன் வாயைக் கட்டினால் என்ன ஆகும்? வீடு அமைதியாக இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் கொள்ளை போகும். படர்தாமரை, சொறி சிரங்கு, சீழ்ப்புண் இவற்றில் பூஞ்சையோ, பூச்சியோ, கிருமியோ தோலுக்குள் புகுந்திருக்கிறது. ஸ்டீராய்டு எந்தக் கிருமியையும் கொல்லாது. குரைப்பை மட்டும்தான் நிறுத்தும்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஸ்டீராய்டு கிரீம்களை வலிமையை வைத்து நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் படி, மிதமானது: ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம்.
இரண்டாம் படி, நடுத்தரம்: குளோபெட்டசோன் 0.05 சதவீதம்.
மூன்றாம் படி, கடுமையானது: பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம்.
நாலாம் படி, மிகக் கடுமையானது: குளோபெட்டசால் 0.05 சதவீதம்.

கவனித்தீர்களா? 1 சதவீதம் என்று பெரிதாக எழுதியிருப்பதுதான் எல்லாவற்றிலும் சாது. 0.05 என்று சின்னதாக எழுதியிருக்கும் குளோபெட்டசால் அதைவிடப் பல மடங்கு கடுமை. "இதுல கொஞ்சந்தான் போட்டிருக்கு, ஒண்ணும் செய்யாது" என்று எண்ணிவிடக் கூடாது. படியை முடிவு செய்வது மருந்தின் பெயர். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. குளோபெட்டசால் ஒன்று, குளோட்ரிமசோல் ஒன்று. காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது மிகக் கடுமையான ஸ்டீராய்டு. இரண்டாவது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. படர்தாமரைக்கு இரண்டாவதுதான் வேண்டும். வாயால் பெயர் சொல்லி வாங்காமல், எழுதிய சீட்டைக் காட்டி வாங்குங்கள்.

முதல் வீடு: உரியவருக்கு மருந்து இல்லை

உள்ளங்கைத் தோல் உடம்பிலேயே தடித்த தோல்களில் ஒன்று. மருந்து அதில் சுலபமாக இறங்காது. அதனால்தான் அண்ணனுக்கு டாக்டர் மூன்றாம் படி மருந்தை எழுதினார். மருந்து சரி, இடமும் சரி. ஆனால் மூன்று நாளில் மேலே தெளிந்ததும் அவர் நிறுத்திவிட்டார். மேலே ஆறினாலும் உள்ளே அழற்சி அடங்கவில்லை. மறுபடி ஆசிட், மறுபடி வெடிப்பு. இந்தத் தடவை வெடிப்பின் வழியே கிருமியும் புகுந்தது. பூச மருந்தும் வீட்டில் இல்லை. அது எதிர் வீட்டில் இருந்தது. எட்டு நாள் அவரால் ஸ்டோர் பக்கம் போக முடியவில்லை.

அவருக்கு நான் விவரமாகச் சொல்லியிருந்தால் கணக்கு இப்படி வந்திருக்கும். இரண்டு கைக்கும் ஒரு தடவைக்கு ஒரு கிராம், ஒரு நாளைக்கு இரண்டு கிராம். 15 கிராம் டியூப் அவர் ஒருவருக்கே ஒரு வாரத்துக்குத்தான் காணும். நாலு வீட்டுக்கு எப்படிக் காணும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையில் படும் ஆசிட்டை நிறுத்தாமல் கிரீம் மட்டும் பூசிக்கொண்டிருந்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான். கிழிந்த கையுறையை மாற்றிக் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தொழிலாளியைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தின்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. வேலையால் வந்த தோல் நோய் என்று சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். சொக்சோ உதவிக்கு வழி உண்டா என்று சங்கக் கிளையில் கேளுங்கள். ஆசிட்டோ, தெளிக்கும் மருந்தோ தோலில் பட்டுவிட்டால் கிரீமைத் தேடி ஓட வேண்டாம். உடனே உடுப்பைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கழுவிவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இரண்டாம் வீடு: முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது

அண்ணனின் மனைவிக்குக் கன்னத்தில் மங்கு. பூசிய இரண்டு வாரத்தில் முகம் வெளுத்தது. "என்னக்கா பூசுறீங்க, பளபளன்னு இருக்கீங்க?" என்று நாலு பேர் கேட்டார்கள். சந்தோஷமாகத்தானே இருக்கும்? டியூப் தீர்ந்ததும் காலி டியூபைக் கொண்டுபோய்ப் பட்டணத்தில் காட்டி, அதே மருந்தை மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டார்.

அந்த வெளுப்பின் இரகசியம் என்ன? ஸ்டீராய்டு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இரத்த ஓட்டம் குறைவதால் தோல் வெளுத்துத் தெரிகிறது. 1962-ல் விஞ்ஞானிகள் இந்த வெளுப்பை அளந்தே எந்த ஸ்டீராய்டு கடுமை, எது மிதம் என்று தரம் பிரித்தார்கள். அது அழகு இல்லை, மருந்தின் வேகம். அதே வேகம் முகத்தில் மாதக் கணக்கில் வேலை செய்தால் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிடும்.

மூன்றாவது மாதம் அவர் வந்தார். வாயைச் சுற்றிப் பருக்கள். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு. வெயிலில் நிற்க முடியவில்லை. "நிறுத்துனா நெருப்பா எரியுது ஐயா, முகம் வீங்கிப் போவுது. மறுபடி பூசுனா அடங்கிடுது" என்று அழுதார். கண்ணி இதுதான். பூசினால் அடங்கும், நிறுத்தினால் எரியும். அந்த எரிச்சலைப் பழைய நோய் என்று எண்ணி மறுபடி பூசுவார்கள். அவரை அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அனுப்பினோம். தெளிவதற்கு மாதங்கள் ஆயின. மங்கு போகவும் இல்லை.

எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. 1967-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் ஒரு பங்கு என்றால் நெற்றியில் ஆறு பங்கு, தாடையில் 13 பங்கு, ஆண்களின் விதைப்பையில் 42 பங்கு போனது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். உள்ளங்கைக்கு எழுதிய மருந்தை முகத்தில் பூசினால் எத்தனை மடங்கு இறங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கண் இமை இன்னும் மெல்லியது. கண்ணைச் சுற்றி நெடுநாள் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறவும், புரை விழவும் கூடும்.

இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கிற "ஒரே வாரத்தில் வெள்ளை" கிரீம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் என்.பி.ஆர்.ஏ. என்னும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இப்படிப்பட்ட அழகுக் கிரீம்கள் பலவற்றைச் சோதித்துத் தடை செய்திருக்கிறது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், பீட்டாமெத்தசோன் ஆகியவை அவற்றில் கலந்திருந்தன. டப்பாவில் அவற்றின் பெயர் இருக்காது. ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் வீடு: மறைந்திருந்த படர்தாமரை

பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது. பந்து விளையாடிவிட்டு வியர்வைக் காற்சட்டையோடு இருந்ததில் தொடை இடுக்கில் படர்தாமரை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "பூசுன மூணாம் நாளே அரிப்பு நின்னுடுச்சு ஐயா. விட்டா ரெண்டு மடங்கா வருது. அதான் விடாமப் பூசுனேன்" என்றான். அவன் என்னிடம் வந்தபோது அது பிட்டத்துக்கும் அடிவயிற்றுக்கும் ஏறியிருந்தது.

படர்தாமரை என்றால் விளிம்பு சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து, வட்டமாக இருக்கும். அதைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். ஸ்டீராய்டு பூசிய படர்தாமரைக்கு அந்த வட்டம் இருப்பதில்லை. உடம்பின் காவல் அடங்கிவிடுவதால் பூஞ்சை சுதந்திரமாகப் பரவுகிறது. உருவம் மாறிப் போவதால் பார்க்கிற எங்களுக்கே அடையாளம் தெரிவதில்லை. கடைசியில் அவனை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அனுப்பி, தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணாடியில் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். சாதாரணமாக இரண்டு நாலு வாரம் குளோட்ரிமசோல் பூசினால் போயிருக்க வேண்டிய நோய்க்கு, வாரக் கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. ஒரே துண்டைப் பயன்படுத்திய தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்து வைத்தியம்.

நம் ஆட்கள் தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது அங்கிருந்து "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று கிரீம் வாங்கி வருவதுண்டு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த டியூப்கள் அவற்றில் உண்டு. அப்படிப்பட்டவற்றால் இந்தியாவில் படர்தாமரை தீராத நோயாகப் பரவி, 2018-ல் அந்நாட்டு அரசே ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்கே வேண்டாம் என்று ஒதுக்குவதை நாம் பெட்டியில் வைத்துச் சுமந்து வரலாமா?

நாலாம் வீடு: பேம்பர்ஸுக்குள் பூசிய மருந்து

குழந்தையின் பிட்டம் சிவந்திருந்தது. பத்து நாள் அந்தக் கிரீமைப் பூசி, மேலே பேம்பர்ஸ் கட்டியிருக்கிறார்கள். மருந்து பூசிய இடத்தைக் காற்றுப் போகாமல் மூடினால் அது பல மடங்கு உள்ளே இறங்கும். பேம்பர்ஸ் அப்படி மூடிய கட்டுதான். குழந்தையின் எடை குறைவு, எடைக்குத் தோல் பரப்பு அதிகம். உள்ளே போகிற மருந்து இரத்தத்தில் கலந்து, குழந்தையின் சொந்தச் சுரப்பியையே வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். அப்படி நெடுநாள் நடந்தால் முகம் உப்பிப் போகும், வளர்ச்சியும் குன்றும்.

அந்தக் குழந்தைக்கு இருந்தது ஈரத்தால் வந்த காண்டிடா பூஞ்சை. சிவப்புக்கு வெளியே சின்னச் சின்னப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருந்ததை வைத்துத் தெரிந்துகொண்டோம். கிரீமை நிறுத்தி, அடிக்கடி துணி மாற்றி, காற்றாட விட்டு, பூஞ்சை மருந்தும் ஸிங்க் களிம்பும் போட்டதில் ஒரு வாரத்தில் ஆறியது. பத்து நாளோடு போனது குழந்தையின் நல்ல காலம்.

சரியாகப் பூசுவது எப்படி?

விரல் நுனி அளவு ஒன்று இருக்கிறது. சுலபமானது, எல்லாரும் தெரிந்துகொள்ளலாம். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரைக்கும் டியூபிலிருந்து ஒரே கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். பெரியவர்களுக்குக் கணக்கு இப்படி:

ஒரு கை, மணிக்கட்டு வரை, இரு பக்கமும்: 1 விரல் நுனி
தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பக்கம்: 3
ஒரு பாதம்: 2
ஒரு கால் முழுவதும், பாதம் நீங்கலாக: 6
மார்பும் வயிறும்: 7
முதுகும் பிட்டமும்: 7
முகமும் கழுத்தும்: இரண்டரை

குழந்தைகளுக்கும் பெரியவர் விரலால்தான் அளக்க வேண்டும், ஆனால் அளவு மிகவும் குறைவு. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குழந்தையின் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு விரல் நுனிதான். அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.

பூசும்போது கவனிக்க வேண்டியவை:

ஒன்று. பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் மெல்லப் பூசுங்கள். தைலம் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

இரண்டு. நாளைக்கு ஒரு தடவையோ, அதிகமானால் இரண்டு தடவையோ போதும். மூன்று நாலு தடவை பூசினால் சீக்கிரம் ஆறாது. தோல்தான் கெடும்.

மூன்று. ஈரப்பசைக் களிம்பும் கொடுத்திருந்தால் இரண்டையும் கலக்க வேண்டாம். ஒன்றைப் பூசிய அரை மணி நேரம் கழித்து மற்றதைப் பூசுங்கள். அந்தக் களிம்பைத் தாராளமாக, தினமும், நோய் அடங்கிய பிறகும் பூசலாம். கரப்பான்காரருக்கு அதுதான் அன்றாடச் சோறு, ஸ்டீராய்டு என்பது காய்ச்சலுக்குக் குடிக்கும் கசாயம். ஆனால் மெழுகுக் களிம்பு ஊறிய துணியில் நெருப்பு சட்டென்று பற்றும். அடுப்படியிலும், சிகரெட் பிடிக்கும்போதும் கவனம்.

நாலு. பூசியதும் கையைக் கழுவுங்கள். கையே நோய்ப்பட்ட இடமானால் கழுவ வேண்டியதில்லை, ஆனால் அந்தக் கையால் கண்ணைத் தொடக்கூடாது. மார்பில் பூசும் தாய்மார்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்குமுன் துடைத்துவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஐந்து. டாக்டர் சொல்லாமல் பிளாஸ்டிக் சுற்றுவது, இறுக்கிக் கட்டுவது கூடாது.

ஆறு. நாள் கணக்கு முக்கியம். முகத்துக்கு மிதமான மருந்து மட்டும், ஐந்து ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். உடம்புக்கு ஒரு வாரம், இரண்டு வாரம். அதற்குள் அடங்காவிட்டால் டியூபை மாற்றாதீர்கள், திரும்ப வந்து காட்டுங்கள். நோய் வேறாக இருக்கலாம்.

ஏழு. இராத்திரியில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கில் பரு எழும்பி, வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் வந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு, வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூச வேண்டும். முகப்பரு, அம்மை, சீழ்ப்புண், தீப்புண், வெட்டுக்காயம் எதற்கும் இந்தக் கிரீமைச் சொந்தமாகப் பூசாதீர்கள்.

பயந்து ஒதுக்குவதும் தப்பு

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஐயோ, ஸ்டீராய்டே வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்த டியூபைத் தூக்கி வீச வேண்டாம். அப்படிப் பயந்து, கரப்பான் பிள்ளையை இராத்திரி முழுக்கச் சொறிய விட்ட தாய்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன். சொறிந்து சொறிந்து தோல் தடிக்கும், கிருமி புகும், பிள்ளைக்குத் தூக்கமும் போகும், பள்ளிக்கூடத்தில் கவனமும் போகும். டாக்டர் சொன்ன படி, சொன்ன இடத்தில், சொன்ன அளவு, சொன்ன நாள் வரை பூசினால் பெரும்பாலோருக்குத் தோல் மெலிவதில்லை. பட்டும் படாமலும் பூசி, பாதியில் நிறுத்தி, மறுபடி வந்து மறுபடி பூசுவதால்தான் மருந்து வருஷக் கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது.

ஏற்கெனவே மாதக் கணக்கில் கடுமையான கிரீம் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். டியூபை எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள். படிப்படியாக இறங்குகிற வழியை டாக்டர் சொல்வார். யாரும் திட்ட மாட்டார்கள். வெட்கப்பட்டு மறைத்ததால்தான் அந்தப் பையனுக்கும் நோய் முற்றியது.

வாங்கும்போது

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் ஸ்டீராய்டு கிரீம்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மளிகைக் கடையிலும் இரவுச் சந்தையிலும் விற்கக்கூடிய பொருள் இல்லை. பதிவு செய்த மருந்து என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும் பின்னால் எண்களும் இருக்கும். அழகுப் பொருள் என்றால் என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்கும். சந்தேகமிருந்தால் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து என்.பி.ஆர்.ஏ. பக்கத்தில் அந்த எண்ணைத் தேடச் சொல்லுங்கள்.

இப்போது நம் தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்த தோழர்களும் இருக்கிறார்கள். மொழி தெரியாததால் அவர்களும் அடுத்தவர் டியூபைத்தான் வாங்கிப் பூசுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக

அந்த அண்ணன் இன்று நல்ல கையுறையோடு வேலைக்குப் போகிறார். கை ஆறிவிட்டது. அவர் மனைவிக்கு முகச் சிவப்பு குறைந்துவிட்டாலும் வெயிலில் இன்னும் துண்டு போர்த்திக்கொண்டுதான் நடக்கிறார். அவரைப் பார்க்கும் போதெல்லாம் அந்தக் காலை நேரம்தான் எனக்கு ஞாபகம் வரும். இரண்டு நிமிஷம் நின்று சொல்லியிருந்தால் போதும்.

அன்றிலிருந்து நான் டியூபைச் சும்மா கொடுப்பதில்லை. பெட்டிமேல் பேனாவால் நாலு விஷயம் எழுதித்தான் கொடுக்கிறேன்: யாருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை விரல் நுனி, எந்தத் தேதி வரை. உங்கள் தோட்டத்திலும் கேளுங்கள். "ஐயா, எழுதிக் குடுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. கூட்டம் அதிகம், நேரமில்லை என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

அடுத்த வீட்டில் இருந்து, "அக்கா, அந்த டியூப் கொஞ்சம் குடுங்க" என்று யாராவது கேட்டு வந்தால், டியூபை உள்ளே வையுங்கள். வந்தவரின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். அதுதான் அவருக்குச் செய்கிற உதவி.